மஞ்சள் விளக்கும் மாசிச் சம்பலும்

கருவிகளுக்கு நன்றி சொல்கிற ஆள் நான் இல்லை. "ஹலோ, கேக்குதா?" என்கிற இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். இணையத்தில் பேசுவதற்கென்று எவன் எந்தப் புதுப் பெட்டியைக் கொண்டுவந்தாலும், அதைத் தூத்துக்குடிக்கு வரவழைத்து, என் வீட்டு மேசையில் வைத்து, ஒரு மாதம் பேசிப் பார்த்துவிட்டுக் கரித்துக்கொட்டுவதுதான் என் பிழைப்பு. எமரென்சியா கையில் கொடுத்தால் உருப்படாது என்று இரண்டு கம்பெனிகள் எனக்குக் கருவி அனுப்புவதையே நிறுத்திவிட்டன. நல்லதாகப் போயிற்று, மேசையில் இடம் கிடைத்தது.

இந்த வாரம் நன்றி சொல்லப் போகிறேன். யாருக்கு என்பதில்தான் எனக்கே குழப்பம். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஜெசிந்தாவின் கதை இது. எழுது என்று என்னைப் பிடித்துத் தள்ளியவளும் அவள்தான்.

முதலில் கருவி. பெயர் இழை. அப்பளம் அளவுக்கு வட்டமாக இருக்கும். மேசையில் வைத்துவிட்டுப் பேசவேண்டியதுதான், கையில் பிடிக்கத் தேவையில்லை. இணையத்தில் நாம் பேசுகிற பேச்சு முழுசாகப் போவதில்லை என்று இந்தப் பத்தியில் பலமுறை சொல்லியிருக்கிறேன். துண்டு துண்டாக நறுக்கி அனுப்பி, அந்தப் பக்கத்தில் சேர்த்து ஒட்டுகிறார்கள். வழியில் நாலைந்து துண்டு தொலைந்துபோனால் குரல் தகரத்தில் உரசியது போல ஆகிவிடும். "என்னது? என்னது?" என்று நாம் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவோம். அந்தக் காலத்துக் கருவிகள் தொலைந்த துண்டுக்குப் பதிலாக ஒரு "ம்"மையோ அரை எழுத்தையோ போட்டு ஒப்பேற்றின. இழை செய்தது அதற்கும் மேலே. லைன் செத்துப்போனால், அது திரும்ப வரும்வரைக்கும் எதிராளியின் குரலிலேயே அவர் பேசுவது போலப் பேசிக்கொண்டிருக்கும். கம்பெனிக்காரர்கள் இதற்கு நிரவல் என்று பெயர் வைத்தார்கள்.

அடேயப்பா, ஜனங்கள் கொண்டாடிய கொண்டாட்டம்! எனக்குத் தெரிந்த ஒரு மருமகன், மாமியார் அழைத்தாலே லிஃப்டுக்குள் போய் நின்றுகொள்வார். உள்ளே லைன் செத்துவிடும். "சரிங்க அத்தை, ஆகட்டும் அத்தை" என்று கருவியே பேசி முடித்துவிடும். மாமியாருக்கும் மருமகன்மேல் பிரியம் கூடிப்போயிற்று. இப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, வேறொரு வீட்டில் விவாகரத்துக்குச் சம்மதம் என்று புருஷன் சொன்னது நிரவலா நிஜமா என்று வழக்கு வந்தது. அதன்பிறகு அரசாங்கம் ஒரு விளக்கு வைக்கச் சொன்னது. உண்மையான குரல் வந்தால் பச்சை, கருவி நிரப்பினால் மஞ்சள். நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விளக்கின்மேல் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டார்கள். தெரிந்துகொள்ள யாருக்கும் ஆசையில்லை.

என் வீட்டில் இருந்த கருவியில் பொட்டு கிடையாது. சோதித்து முடித்து, திட்டியும் எழுதிவிட்டு, போன ஈஸ்டருக்கு அதை ஜெசிந்தாவுக்குக் கொடுத்தேன். அவளுடைய பழைய போன் மீன் பெட்டிக்குள் விழுந்து செத்திருந்தது.

ஜெசிந்தா மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறுகிறவள். அந்த வேலையில் பெண்கள் குறைவு. இவள் குரலுக்கு முன்னால் ஆண்கள் நிற்கமாட்டார்கள். இந்தக் கோடியில் நின்று விலை கூறினால் அந்தக் கோடியில் ஐஸ் உடைக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். கையில் ஒரு துண்டுக் கம்பு வைத்திருப்பாள். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று சொல்லி மீன் பெட்டியில் மூன்று தட்டு தட்டிவிட்டால் முடிந்தது. அதற்குமேல் எந்தக் கொம்பனும் விலையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

அந்தக் குரல்வளையில்தான் கட்டி வந்தது. எடுத்தால்தான் உயிர் தங்கும், எடுத்தால் குரல் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெசிந்தா அழவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி எமி, போறதுக்கு முந்தி என் குரல்ல ஒரே ஒரு தடவை ரெமிகிட்டப் பேசணும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருஷமாக அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததே இல்லை.

ரெமிஜியுஸ் அவளுடைய ஒரே தம்பி. ஆழ்கடலில் கனிமம் தோண்டுகிற கப்பலில், குசினியில் சமையல்காரன். போனால் ஒன்றரை வருஷம் கழித்துத்தான் கரையைப் பார்ப்பான். அவர்கள் அம்மா இறந்தபோதும் அவன் நடுக்கடலில்தான் இருந்தான். எங்கள் ஊரில் இதெல்லாம் புதிதில்லை. கடலுக்கும் வெளிநாட்டுக்கும் ஆள் அனுப்பிய ஊர், சாவு வீட்டில் ஒரு கை எப்போதும் போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும். அன்றைக்கு அந்தக் கை ஜெசிந்தாவுடையது. சாமியார் செபம் முடித்து, கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஜெசிந்தா போனைப் பெட்டிக்கு மேலே கொண்டுபோனாள். அந்த நேரம் பார்த்துத் திரை கறுத்துவிட்டது. மறுபடி லைன் கிடைப்பதற்குள் பெட்டியை மூடி, தூக்கியும்விட்டார்கள்.

அவன் அழைத்தபோது கத்தினான். "யாரு போனுக்கு பதில் சொல்லணும்னு என்னைய கட் பண்ண? அம்மா முகத்தைப் பாக்க விடாம பண்ணிட்டல்லா? நீ எனக்கு அக்காவே இல்ல." இவளும் சளைக்கவில்லை. "பெத்தவ சாவுக்கு வராதவன் எனக்குத் தம்பியும் இல்ல." அவ்வளவுதான். நடுவில் அவன் கரைக்கு வந்தபோதுகூட லாட்ஜில் தங்கிவிட்டுப் போனான். ஜெசிந்தாவின் வீட்டுக்காரர் கஸ்பார் மட்டும் அவளுக்குத் தெரியாமல் அவ்வப்போது அவனுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த மனுஷனுக்கும் இந்த இடத்தில் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். தன் வீட்டில் வைத்துப் பேசினால் கூட்டம் கூடிவிடும் என்று கருவியைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். மேசையில் இந்தப் பக்கம் நான், எதிரே அவள், நடுவில் இழை. விளக்கு என் பக்கமாகத் திரும்பியிருந்தது. அவள் அழைத்துவிட்டு, தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குரல் ஏற்கெனவே கம்மியிருந்தது.

மணி நெடுநேரம் அடித்தது. எடுத்தான். பச்சை.

"யாரு?"

"நான்தான்."

"ம்."

"எப்படியிருக்க?"

"இருக்கேன்."

"நாளன்னைக்கு ஆபரேஷன்."

"தெரியும். அத்தான் சொன்னாவ."

ஆறு வருஷத்துக்குப் பிறகு அக்காவும் தம்பியும் பேசுகிற லட்சணம் இது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பேசுட்டி என்று கையால் சாடை காட்டினேன். ஜெசிந்தா மூச்சை இழுத்துக்கொண்டாள். "ரெமி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தாள். விளக்கு மஞ்சளாகிவிட்டது.

அங்கே கடலில் காற்றோ மழையோ, லைன் செத்துவிட்டது. இவள் சொல்வது எதுவும் அவனுக்குப் போகாது. எழுந்து நிறுத்தச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கருவியிலிருந்து ரெமியின் குரல் வந்தது.

"அக்கா... அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. நீ ரெண்டு கையாலயும் போனைத் தூக்கிப் பிடிச்சிருந்த. கை நடுங்கிட்டு இருந்துச்சு. அம்மா முகத்தை எனக்குக் காட்டணும்னு எக்கி நின்ன. நான் பாத்தேன்க்கா. பாத்துட்டுத்தான் உன்னையத் திட்டினேன். யாரையாவது திட்டணும்போல இருந்துச்சுக்கா, வேற யாரு இருக்கா எனக்கு?"

ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். திறந்த வாயை நானும் மூடிக்கொண்டேன்.

"நான் கட் பண்ணலடா" என்றாள். "விரல்கூட படலடா. லைன் போயிட்டுடா."

"எனக்குத் தெரியும்க்கா. இன்னைக்கு மாசிச் சம்பல் அரைச்சேன். கப்பல்ல எல்லாரும் நல்லாயிருக்குன்னு சொன்னானுவ. உன் கை மாதிரி வரலக்கா. மாசிக் கருவாட்டை நீ வறுத்துட்டு இடிப்பியா, இடிச்சிட்டு வறுப்பியா? அதக் கேக்கணும்னுதான் போட்டேன்."

"வறுத்துட்டு இடிக்கணும்டா" என்றாள் ஜெசிந்தா அழுதுகொண்டே. "வறுத்துட்டுத்தாம்ல இடிக்கணும், முட்டாப் பயலே."

இப்படியே போயிற்று. விளக்கு மஞ்சளாகவே எரிந்தது. உயிரில்லாத ஒரு அப்பளத்திடம் அவள் மனசைக் கொட்டுகிறாள், நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சொல்லிவிட்டால் பாதியில் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால், அவளுடைய கடைசிக் குரல் அவனுக்குப் போய்ச் சேராமலேயே போகும். மாதாவே, எந்த எதிரிக்கும் அந்த நாற்காலி வேண்டாம். கடைசியில் பச்சை வந்தது. வந்தபோது அந்தப் பக்கம் ரெமி குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். "நீ சொன்னதே போதும்க்கா... ரொம்ப நன்றிக்கா... தைரியமா போயிட்டு வா" என்றான். மறுபடி லைன் அறுந்தது. இந்தமுறை கருவி தானே அழைப்பை முடித்துக்கொண்டது.

இவள் சொன்னது எதுவும் அங்கே போகவில்லை. பிறகு எதற்கு நன்றி? யோசித்தபோதுதான் உறைத்தது. அவனிடம் இருப்பதும் இழைதான். இங்கே அவன் குரலில் நிரப்பியது போல அங்கேயும் இவள் குரலில் நிரப்பியிருக்கிறது. அக்கா தம்பியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தம்பி அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் மன்னித்து முடித்துவிட்டார்கள்.

மறுநாள் முழுக்கக் கப்பலுக்கு லைன் போட்டுப் பார்த்தேன். கிடைத்தால் எப்படியாவது இன்னொரு தடவை நிஜமாகப் பேசவைத்துவிடலாம், ஏன் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். கிடைக்கவேயில்லை, அங்கே புயல். ஜெசிந்தா முகம் மலர்ந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். தியேட்டருக்குள் கொண்டுபோகும்போதுகூட நர்ஸைக் கிண்டலடித்துக்கொண்டுதான் போனாள். அதுதான் அவள் குரலை நான் கடைசியாகக் கேட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். இருபது வருஷத்தில் அப்படி ஒரு பத்தியை எழுதியதில்லை. ஒரு மனுஷியின் கடைசி வார்த்தையைத் திருடிவிட்டு அதற்குப் பதிலாகப் பொம்மைப் பேச்சைக் கொடுத்த கருவி என்று ஆரம்பித்து, வரிக்கு வரி நெருப்பு. அனுப்புவதற்கு முன்னால், நிரவலை உண்டாக்கிய இன்ஜினியரை நேரிலேயே நாலு கேள்வி கேட்டுவிடுவோம் என்று அழைத்தேன். சாத்தப்பன் என்று பெயர். கோயம்புத்தூரில் இருக்கிறார். என்னிடம் அடிக்கடி வாங்கிக்கட்டிக்கொள்கிறவர்தான், ஆனாலும் என் அழைப்பை எடுத்துவிடுவார். அந்தத் தைரியத்துக்காக எனக்கு அவரைப் பிடிக்கும்.

"தம்பி, முதல்ல பேசுறது நீங்களா, உங்க பெட்டியா, அதச் சொல்லுங்க."

"நானேதான் மேடம் பேசறேன்."

நடந்ததைச் சொன்னேன். கொட்டித் தீர்த்தேன். "செத்த லைன்ல மன்னிப்புக் கேக்க உங்க பெட்டிக்கு யாரு அதிகாரம் கொடுத்தா? அதுவும் என்ன கற்பனை! கை நடுங்குச்சாம், எக்கி நின்னாளாம், மாசிச் சம்பலாம்!"

"மேடம், என்ன சம்பல்?" என்றார்.

"மாசிச் சம்பல். இங்க உள்ள பதார்த்தம். உங்களுக்குத் தெரியாது."

"எனக்கே தெரியாதுன்னா நிரவலுக்கு எப்படிங்க மேடம் தெரியும்?"

"அதத்தானே நான் உங்ககிட்ட கேக்கேன்?"

"இல்ல மேடம், கேளுங்க. அந்த விவாகரத்துக் கேஸுக்கப்புறம் நிரவலை மாத்திட்டோம். அது இப்போ சொந்தமா ஒரு வாக்கியம்கூட உண்டாக்காது. ஒருத்தர் ஒரு நம்பருக்குப் பேசினது எல்லாம் அவர் கருவியில கையிருப்பா இருக்கும். அழைப்பு சேந்ததும் முதல் வேலையா அந்தக் கையிருப்பு எதிர்ப்பக்கம் போயிடும். லைன் செத்தா அதுலேருந்து இடத்துக்குப் பொருத்தமானதை எடுத்து வைக்கும். அவ்வளவுதான். அதாவது, அவர் அந்த நம்பருக்கு ஏற்கெனவே சொல்லாத எதையும் அது சொல்லாது. இதைப் புது வெர்ஷனோட அனுப்பிச்ச குறிப்புல எழுதியிருந்தோம். நீங்க அதைப் படிக்கிறதுக்கு முன்னாடியே திட்டி எழுதிட்டீங்க."

சரி, அதை விடுங்கள்.

"தம்பி, ரெண்டு பேரும் ஆறு வருஷமா பேசவேயில்ல. இந்தக் கருவியில ஒரு வார்த்தைகூட பேசிக்கிட்டதில்ல. கையிருப்பு எங்கேருந்து வரும்?"

"ரெண்டு பேரும் கூப்பிட்டுப் பாத்திருப்பாங்களா மேடம்?"

"என்னது?"

"டயல் பண்ணிட்டு, சேர்றதுக்குள்ள கட் பண்ணியிருப்பாங்களா? கப்பல் லைன் சேர நேரமாகும். அதுக்குள்ள கட் பண்ணினா அந்தப் பக்கம் மிஸ்டு கால்கூடக் காட்டாது." அவர் குரல் இறங்கியது. "லைன் சேந்ததும் முதல் வார்த்தை வெட்டுப்படக் கூடாதுன்னு, டயல் பண்ணும்போதே மைக்கைத் திறந்துடறோம். அப்போ பேசினதும் கையிருப்புல சேந்திருக்கு போல. சேரக் கூடாதுதான். எங்க தப்பு. மணி அடிக்கும்போது யாராவது பேசுவாங்கன்னு நாங்க நினைக்கவே இல்ல மேடம்."

"யாரு பேசமாட்டா?" என்று கத்தினேன். "ஊர்ல எந்த மனுஷன் மணி அடிக்கையில வாயை மூடிக்கிட்டு இருப்பான்? எடு தாயின்னு கெஞ்சுவான், சனியன் எடுக்குதா பாருன்னு ஏசுவான்..."

அப்படியே நின்றுவிட்டேன். இன்னைக்கு மாசிச் சம்பல் அரைச்சேன். அதக் கேக்கணும்னுதான் போட்டேன். அடப்பாவி ரெமி! அவன் போட்டிருக்கிறான். குசினியில் வேலை முடிந்து, உப்புக் காற்றில் நின்று, அக்கா நம்பரைப் போட்டுவிட்டு, அவள் எடுத்துவிடுவாளோ என்ற பயத்தில் பேசவேண்டியதையெல்லாம் மணியிடமே பேசிவிட்டு, சேர்வதற்குள் கட் பண்ணியிருக்கிறான். எத்தனை தடவையோ! இவளும் இங்கே அதையேதான் செய்திருக்கிறாள்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி." என்றேன். "அந்த மைக்கை மூடுங்க. இன்னைக்கே மூடுங்க. ஜனங்ககிட்ட மன்னிப்பும் கேளுங்க. மணி அடிக்கையில பேசுறது மனுஷன் யாருக்கும் சொல்லாத பேச்சு, அதத் தொட உங்களுக்கு உரிமை இல்ல. நான் எழுதத்தான் போறேன்."

"எழுதுங்க மேடம். எழுதணும்."

"அப்புறம்... நல்லாயிருங்க தம்பி." கட் பண்ணிவிட்டேன். சாத்தப்பன் என்ன நினைத்தாரோ தெரியாது. நான் அவரை வாழ்த்தி அவர் கேட்டதே இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜெசிந்தா கழுத்தில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சிலேட்டு. போனில் தட்டி எழுதேன் என்று கஸ்பார் சொன்னாராம், மீன் நாற்றமடித்த விரலுக்குப் பல்பம்தான் லாயக்கு என்று எழுதிக் காட்டினாளாம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆரம்பித்தேன்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது. ஞாயித்துக்கிழமை நீ பேசினியே... பாதியில லைன் செத்துட்டு. மஞ்சள் விளக்கு எரிஞ்சுது. நான் பாத்துட்டுச் சொல்லாம இருந்துட்டேன்."

ஜெசிந்தா பல்பத்தை எடுத்து எழுதினாள். "தெரியும்."

"எப்படித் தெரியும்? விளக்கு என் பக்கம்லா இருந்துச்சு?"

"உன் கண்ணாடியில தெரிஞ்சுது."

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், அதில் இன்னும் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி. "அப்போ தெரிஞ்சேதான் பேசினியா? அது பெட்டின்னு தெரிஞ்சுமா?"

சிலேட்டைத் துடைத்துவிட்டு நிதானமாக எழுதினாள். "அவன் குரலாச்சே. அதுவாவது கேட்டுதே. பெட்டிக்குப் புண்ணியம்."

எனக்குத் தாங்கவில்லை. இவள் தியேட்டருக்குச் சிரித்துக்கொண்டு போனாள் என்று நினைத்திருந்தேன். தம்பி மன்னிக்கவில்லை, பெட்டிதான் ஆறுதல் சொன்னது என்று தெரிந்துகொண்டே, அதற்கும் நன்றி சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பெட்டி இல்லட்டி. அவன்தான். எல்லாம் அவன் சொன்னதுதான்." சாத்தப்பன் சொன்னதை அப்படியே சொன்னேன். மணி அடிக்கும்போது மைக் திறந்திருந்தது, அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கட் பண்ணியது, மாசிச் சம்பல், எல்லாம். "நீயும் அவனுக்குப் போட்டுப் போட்டுக் கட் பண்ணினேல்லா? உண்மையச் சொல்லு."

ஜெசிந்தா தலையை ஆட்டினாள்.

"மணி அடிக்கையில என்னட்டி சொல்லுவ?"

சிலேட்டில் எழுதினாள். "எடுத்துராதடா, எடுத்துராதடான்னு." அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "அதுக்கப்புறம் நான் கட் பண்ணலடான்னு."

"அதத்தாம்ட்டி அவன் அங்க கேட்டிருக்கான். அதுக்குத்தான் நன்றி சொன்னான். உன் குரல் போய்ச் சேந்துட்டுட்டி, முழுசா போய்ச் சேந்துட்டு."

ஜெசிந்தா சிரித்தாள். சத்தமே வரவில்லை. தோள் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, கட்டிலைக் கையால் அடித்து அடித்துச் சிரிக்கிறாள். நர்ஸ் ஓடிவந்து என்னைத் திட்டினாள். நான் இருபது வருஷமாகத் திட்டிப் பழகியவள், அன்றைக்கு வாங்கிக்கொண்டேன்.

மைக்கை அவர்கள் மூடிவிட்டார்கள், மன்னிப்பும் கேட்டுவிட்டார்கள். சேர்த்துவைத்ததை அழித்துவிடவா என்று கேட்டு எல்லோருக்கும் செய்தி வந்தது. ஜெசிந்தாவுக்கு மட்டும் சாத்தப்பன் தனியாக ஒன்று சொல்லி அனுப்பினார். அவள் சம்மதித்தால், அந்தக் கையிருப்பை வைத்தே இனி அவள் எழுதுவதையெல்லாம் அவள் குரலில் பேசவைக்கலாமாம். நல்ல மனசில் சொன்னதுதான். ஜெசிந்தா வேண்டாம் என்றாள். "அவனுக்குச் சொன்னது அவனுக்குப் போயிட்டு. மீனுக்கு விலை கூற அது வேண்டாம்" என்று எழுதி, அழிக்கச் சொல்லிவிட்டாள். ரெமி தன் பக்கத்தில் என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை.

புயல் ஓய்ந்ததும் கஸ்பார் கப்பலுக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்பினார். அன்றைக்குச் சாயங்காலம் ஜெசிந்தா கருவியைக் கட்டிலில் வைத்து, தானே தம்பியை அழைத்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன், விளக்கு இந்தமுறையும் என் பக்கம்.

மணி அடித்தது. இப்போது பேசினால் யாருக்கும் போகாது. அவளிடம் பேசக் குரலும் இல்லை. ஆனாலும் உதடு அசைந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். "எடுடா. எடுடா. எடுடா."

எடுத்தான்.

"அக்கா? நீதானா? நீ பேச வேண்டாம்க்கா, நான் பேசுதேன். அத்தான் எழுதியிருந்தாவ. மணி அடிக்கையில எடுத்துராதடான்னு சொன்னியாமே? நானும் அதத்தான்க்கா சொன்னேன்." சிரிப்பும் அழுகையுமாக வந்தது குரல். "கேக்குதாக்கா? ஹலோ? கேக்குதா?"

ஜெசிந்தாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி என்னை அடக்கினாள். சட்டென்று பல்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, விரலை மடக்கி, கருவிக்குப் பக்கத்தில் கட்டில் சட்டத்தில் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

லைன் போய்விட்டதோ என்று எனக்குப் பதறியது.

பிறகு ரெமியின் குரல், சின்னப் பையன் மாதிரி. "ஒருதரம்... ரெண்டுதரம்... மூணுதரம். முடிஞ்சுதுக்கா. இனி யாரும் வாய் திறக்கக் கூடாது."

விளக்கைப் பார்த்தேன். என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, கண்ணாடியெல்லாம் நனைந்து கிடந்தது. ஜெசிந்தா குனிந்து அந்தக் கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தாள். அப்புறம் பல்பத்தைத் தேடி எடுத்து, சிலேட்டு நிறைய எனக்கு எழுதிக் காட்டினாள்.

"பச்சை."